மூடியில் ஒரே மான், உள்ளே வேறு தோட்டா

போன வாரம் கையுறை வாங்கக் கடைக்கு வந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், ஒரு வாடிக்கையாளரிடம் தோட்டாப் பெட்டி ஒன்றை நீட்டி, அவர் கேட்டது இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று டேனிஷில் சொன்னது என் காதில் விழுந்தது. அவருடைய துவக்கு என்ன வகை என்று கேட்கவில்லை. கணினித் திரை அளவு சரி என்று காட்டியது, அது போதும் என்று நினைத்தீர்கள். அந்தப் பெட்டி வாசலைத் தாண்டவில்லை, நான்தான் தாண்ட விடவில்லை. ஆட்களுக்கு முன்னால் குறுக்கே பேசியதற்காக அந்தப் பிள்ளை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை.

இந்தக் கடையில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் நிற்கிறீர்கள். என்னைவிட நல்ல டேனிஷ் பேசுகிறீர்கள். வீட்டில் டேனிஷில் பதில் சொன்னாலும் தமிழ் வாசிப்பீர்கள் என்று உங்கள் அம்மாமார் சொல்கிறார்கள். வாசியுங்கள். துவக்கைத் துடைப்பது எப்படி, அலுமாரியைப் பூட்டுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி.

எண்பதுகளின் நடுவில் நானும் தேவனும் இங்கே வேலைக்கு வந்தோம். நான் மன்னார், அவன் யாழ்ப்பாணம். இருவரும் இக்காஸ்ட் ஊரில் ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் துணித் தொழிற்சாலைகளுக்குப் போக, எங்கள் இருவரையும் மட்டும் ஊர் நிர்வாகமான கொம்யூன் வேலைப் பயிற்சிக்கு என்று வேட்டைக் கடைக்கு அனுப்பியது. துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவங்கள் துவக்குக் கடையில் நிற்கிறாங்கள் என்று பூசை முடிந்து வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் எங்களுக்கு வேறு வேலை எடுத்துத் தரவில்லை. காவல்துறை எங்களை விசாரித்து அனுமதி தரும்வரை பூட்ஸும் மழைச்சட்டையும் விற்றோம். அதற்குப் பிறகுதான் தோட்டா அலுமாரிக்குக் கிட்டப் போனோம்.

கடை ஒரு பெண்ணுடையது. வயது என்னைவிடக் குறைவு. தகப்பன் திடீரென்று செத்ததும் கடையை எடுத்தவள். கட்டையான உருவம், எந்நேரமும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. சிரிப்பு அபூர்வம். எங்களுக்குள் கதைக்கும்போது அவளை 'மனுசி' என்றுதான் சொல்லுவோம். நான் பலருக்குக் கீழே வேலை செய்தவன். பெரும்பாலானவர்களை மதித்ததில்லை. அவளை மதித்தேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஹேர்னிங் பக்கத்தில் பால்பண்ணை வைத்திருந்தார். வைக்கோல் கட்டும் இயந்திரம் அவருடைய வலது கையைக் கடித்துவிட்டது. அந்தக் கையில் சுட்டுவிரல் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. விசையை அழுத்த அது போதும். சாதாரண வேட்டைத் துவக்கில் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் போல்ட்டைப் பிடித்து இழுத்துத் தள்ள வேண்டும். அதற்கு அந்தக் கை போதாது. அதனால் மனுசி அவருக்கு ஓர் அரைத் தானியங்கித் துவக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். சுட்டதும் வெற்றுக் கோதைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். மற்ற வேட்டைக்காரர் அதைப் பார்த்து நக்கலடிப்பார்கள். மானோடு சண்டைக்குப் போகிறாயா, மான் திருப்பிச் சுடுமா என்று கேட்பார்கள்.

விபத்துக்குப் பிறகு அவருடைய வேட்டைக் குழு அவரை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வருடம், செம்மான் வேட்டையின் முதல் நாளுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிபந்தனை. அவர் வராவிட்டால், அல்லது அந்தக் கையாலோ அந்தத் துவக்காலோ ஒரு பிசகு நடந்தால், அவருடைய இடம் குழுத் தலைவரின் மச்சானுக்குப் போகும். மச்சான் காத்துக்கொண்டிருந்தான். பண்ணைக்காரருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. மாடுகள் இருந்தன, அந்தக் குழு இருந்தது. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

இப்போது தோட்டாவுக்கு வருகிறேன். கையால் ஏற்றும் துவக்கு கொடுத்ததை விழுங்கும். அரைத் தானியங்கி அப்படி விழுங்காது. தோட்டாவின் வேகம் குறைந்தால் அடுத்ததை ஏற்ற அதற்கு வலு வராது. முன்னால் இருந்து பறக்கும் குண்டை நாங்கள் சன்னம் என்போம், அதன் மூக்கு வெறும் ஈயமாகக் கூராக நீட்டிக்கொண்டிருந்தால், ஏறும்போது முட்டி நசுங்கும், பிறகு சிக்கும். இன்றைக்கு வருகிற துவக்குகள் கொஞ்சம் பொறுத்துப் போகலாம். அவருடையது பொறுக்காது. சிக்கினால் மற்றவன் ஒரு நொடியில் இழுத்து எடுப்பான், அந்தக் கையால் முடியாது. காயப்பட்ட மான் கண்ணுக்கு முன்னால் நிற்க, இவர் சிக்கிய துவக்கோடு நிற்பார்.

அவருக்கு ஏற்ற தோட்டா எது என்று மனுசி பார்த்து வைத்திருந்தாள். அது முடிந்துபோனது. அந்த நேரம் பார்த்து அவர் வந்தார், தேவன் நின்றான். தேவன் அதே கம்பனி, அதே அளவு, மூடியில் அதே மான் படம் போட்ட இன்னொரு பெட்டியை எடுத்து, இதுவும் அதுதான் என்று கொடுத்துவிட்டான்.

தேவன் கள்ளன் இல்லை. அவனுடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தது. அங்கே வந்த ஆளிடம் இல்லை என்று சொல்லி அனுப்புவது மரியாதைக் குறைவு. இல்லாவிட்டால் வேறொன்றை எடுத்து விரித்து, இதுவும் அதுதான் என்று சொல்வார்கள். வாங்க வந்தவருக்கும் அது தெரியும். துணியைப் பிரித்து, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அது இல்லை என்று அவரே சொல்லுவார். அங்கே அந்த வார்த்தை ஓர் உபசாரம். இங்கே கடைக்காரன் சொன்னால் நம்பிக்கொண்டு போவார்கள். இதைத் தேவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொம்யூன் வகுப்பில் பேருந்தில் எப்படி ஏறுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

வேட்டைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. வருடத்திலேயே கடை நிறைந்து வழியும் நாள். கார்த்திகை மாத வெளிச்சம் ஏற்கனவே மங்கத் தொடங்கியிருந்தது. பண்ணைக்காரர் துவக்கோடும் பெட்டியோடும் உள்ளே வந்தார். பெட்டியை மேசையில் வைத்தார். அன்று காலை சுடுதளத்தில் பார்த்தாராம், முதல் சூடு போனது, இரண்டாவது சிக்கியதாம். திரும்பத் திரும்ப அதே கதை. ஒரு சன்னத்தின் மூக்கு நசுங்கிக் காளான் மாதிரி இருந்தது. சேற்றுக் கையால் தேவனைக் காட்டி டேனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

"அந்தக் கறுவல்தான் சொன்னவன், ரெண்டும் ஒண்டெண்டு."

தேவன் மழைச்சட்டைகளைக் கையில் வைத்தபடி நின்றான்.

மனுசி நசுங்கிய சன்னத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "அவன் சொல்லேல்லை," என்றாள். "கடை சொன்னது."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பண்ணைக்காரர் கையை இறக்கினார்.

பிறகு அவர் அலுமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே இலக்குச் சுடுபவர்களுக்கான தோட்டா இருந்தது. சன்னம் முழுவதும் செம்புக் கவசம், மூக்கு நசுங்காது, அந்தத் துவக்கில் எண்ணெய் போட்ட மாதிரி ஏறும். அதைத் தரச் சொன்னார்.

"அது மானுக்கில்லை," என்றாள் மனுசி.

"மானுக்கு ஆர் போய்ச் சொல்லப் போகினம்?"

வரிசையில் ஒருவன் சிரித்தான். மனுசி சிரிக்கவில்லை. அந்தச் சன்னம் உள்ளே போய் விரியாது, ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும். சட்டமும் விடாது. அவள் சட்டத்தை இழுக்கவில்லை.

"மான் ஓட்டையோட ஓடும். நீ பின்னாலை ஓடுவியோ?"

டேனிஷில் எல்லோரும் நீதான், அரசிக்கு மட்டும் வேறு. ஆனால் அந்த நீயில் ஒரு மரியாதை இருந்தது. அவர் ஓட மாட்டார் என்று அவள் சொல்லவில்லை. கேட்டாள்.

அடுத்து அவள் செய்ததை நன்றாகக் கவனியுங்கள். அந்த அளவில் கடையில் இருந்த ஒவ்வொரு வகை வேட்டைத் தோட்டாவிலும் ஒரு பெட்டி எடுத்தாள். உடைத்த பெட்டியை யாருக்கும் விற்க முடியாது. எடுத்தாள். பண்ணைக்காரரையும் என்னையும் கடையின் வான் வண்டியில் ஏறச் சொன்னாள். மகசினில் தோட்டா போட அவருடைய கைக்கு ஓர் ஆள் தேவை, அதற்கு நான். வாசல்வரை வரிசை நிற்கிறது. தோட்டா அலுமாரிச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றித் தேவனின் கையில் வைத்தாள். கடையைப் பார் என்றாள்.

தேவன் என்னைத் தமிழில் கேட்டான், "அண்ணை, சாவியை எனக்கெல்லோ தந்திட்டா. மனுசிக்கு விசரோ?"

"இருக்கட்டும். வாசிச்சு வாசிச்சுக் குடு."

பிழை விட்டவனிடம் அதே நாளில் அதே சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வந்திருக்காது. உங்களுக்கும் வராது. அன்று அவள் சாவியை என்னிடம் தந்துவிட்டு அவனைக் கூட்டிப் போயிருந்தால், தேவன் திங்கட்கிழமை துணித் தொழிற்சாலைக்குப் போயிருப்பான். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பான்.

சுடுதளம் பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு மணல் பள்ளம். இரண்டு சூடு அடுத்தடுத்துப் போன சத்தம் கேட்டு நான் விழுந்து படுத்தேனா என்று எங்கள் ஆட்கள் பிறகு கேட்டார்கள். இல்லை. எனக்கு வேலை இருந்தது. அந்தக் குளிரில் மகசினில் தோட்டா போடுவதற்கே விரல் பத்தவில்லை.

முதல் வகை மெதுவானது. தோளை உதைக்காது என்று ஆட்கள் விரும்பி வாங்குவது. கோது வெளியே வரவே இல்லை. அடுத்தது வலுவானது, ஆனால் நீளக் கூர் ஈயம், தேவன் கொடுத்ததற்கு அண்ணன். அதுவும் சிக்கியது. ஒவ்வொரு முறை சிக்கும்போதும் பண்ணைக்காரர் அந்தக் கையால் இழுத்துப் பார்ப்பார். நான் உதவப் போனால் தோளால் தள்ளிவிடுவார். மனுசி அடுத்த பெட்டியை உடைப்பாள். கடைசியாக எடுத்தது பாரமான சன்னம், மூக்கு உருண்டை, கவசம் நுனிவரை ஏறி ஈயம் கொஞ்சமாகத் தெரியும். மானில் பட்டால் விரியும், ஏறும்போது முட்டாது. அது ஏறியது. திரும்பவும் ஏறியது. நான் போடப் போட, அது ஏறிக்கொண்டே இருந்தது. பண்ணைக்காரர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மனுசி இலக்குத் தாளைப் பார்க்க நடந்து போனாள். திரும்பி வரும்போது முகம் சரியில்லை. சன்னங்கள் எல்லாம் நடுவிலிருந்து கீழே, ஒரு பக்கமாகப் போயிருந்தன. தோட்டா மாறினால் சன்னம் விழும் இடமும் மாறும். துவக்கின்மேல் இருக்கும் தொலைநோக்கியைத் திருப்பிச் சரிசெய்து, சுட்டு, திரும்பச் சரிசெய்ய வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போய்விட்டது. தாள் எங்கே, மணல் எங்கே என்று தெரியவில்லை.

பண்ணைக்காரர் துவக்கைப் பையில் வைக்கத் தொடங்கினார். "காணும். வேலை செய்யுது. நான் நாளைக்குப் போறன்."

"எங்கை விழும் எண்டு தெரியேல்லை," என்றாள் மனுசி.

"கீழை விழுது. நான் மேலை பிடிச்சுச் சுடுறன்."

"எவ்வளவு மேலை?"

அவர் இருட்டில் தாள் இருந்த பக்கம் பார்த்தார்.

"சொல்லு. எவ்வளவு மேலை?"

அப்போதுதான் அவர் கத்தினார். மச்சான் காத்துக்கொண்டிருக்கிறான், நாளைக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும், உன்னுடைய கடை தந்த பெட்டியால்தான் இது வந்தது, இப்போது போகாதே என்றும் நீதான் சொல்கிறாய் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மனுசிக்கு அது தெரியும். சாமான் சரியாக வேலை செய்கிறது, ஆளும் வாங்கத் தயார், இருட்டில் வேறு யாரும் இல்லை. அந்த இடத்தில் நல்லா வரும், கவனமாகச் சுடு என்று சொல்லிக் கையைக் கழுவுவது சுலபம். முக்கால்வாசிக் கடைக்காரர் அதைத்தான் செய்வார்கள்.

அவள் சொன்னாள், "நாளைக்குச் சுடாதை. உன்ரை இடத்துக்கு நான் கதைக்கிறன்."

பிறகு பண்ணைக்காரர் அந்த ஒற்றை விரல் கையால் மகசினைக் கழற்றினார். கழற்றக் கஷ்டப்பட்டார். நான் கை நீட்டவில்லை, அந்த அளவுக்கு எனக்கு அறிவு வந்திருந்தது. துவக்கை அவளிடம் நீட்டி, பூட்டி வை என்றார். அந்த ஆள் என்னையோ தேவனையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவரைப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் தொப்பி போட்டிருந்தால், இங்கே மரியாதைக்குக் கழற்றுவார்களே, அப்படிக் கழற்றியிருப்பேன்.

கடைக்குத் திரும்பினால் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. தேவன் ஒவ்வொரு பெட்டியையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொருவரிடமும் துவக்கு என்ன வகை என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவன் வேகத்தைக் கூட்டவில்லை.

மனுசி மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்துக் குழுத் தலைவருக்கு அடித்தாள். பின் அறையிலும் ஒரு தொலைபேசி இருந்தது, அங்கே போகவில்லை. அந்தத் தலைவர் சாதாரண ஆள் இல்லை. அவருடைய குழு பூட்ஸிலிருந்து தோட்டாவரை எங்களிடம்தான் வாங்கியது. கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"கடை அவனுக்குப் பிழையான தோட்டா குடுத்துப் போட்டுது. துவக்கு என்னட்டைப் பூட்டிக் கிடக்கு. இது அவன்ரை கையாலை வந்ததில்லை, என்ரை கடையாலை வந்தது. நாளைக்கு அவன் வாறான். அவன்ரை இடம் அவன்ரைதான்."

மறுமுனையில் தலைவர் கன நேரம் கதைத்தார். வைத்துவிட்டுப் பண்ணைக்காரரைப் பார்த்தாள். "விடியப் போ. துவக்குக்குப் பதிலாத் தடியைக் கொண்டு போ. மிச்சம் அங்கைதான் தெரியும்."

வரிசையில் இரண்டு பேர் எடுத்த சாமானை வைத்துவிட்டு வெளியே போனார்கள். அவர்கள் பிறகு இந்தக் கடைப் பக்கம் வரவே இல்லை. நட்டம் ஒன்றும் வரவில்லை என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் மான் கதைக்குச் சிரித்தானே, அவன், சாமான் வாங்கியும் போகாமல் நின்றவன், தன் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தேவனுக்கு முன்னால் வைத்து, என்னுடையதையும் ஒருக்கால் பார் என்றான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் வைத்தான்.

திங்கட்கிழமை பண்ணைக்காரர் வந்தார். சனிக்கிழமை விடியக் குழு கூடியபோது, யார் எங்கே நிற்பது என்று குலுக்கிப் போடும் இலக்கக் குச்சிகளைத் தலைவர் ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தாராம். மச்சானும் பக்கத்தில் நின்றானாம். தன்னைத் தாண்டிப் போவார் என்று பண்ணைக்காரர் நினைத்தார். தலைவர் நின்று அவரிடமும் நீட்டினார். துவக்கு இல்லை என்று இவர் சொன்னார். இடம் இருக்குதே, எடு என்றாராம் தலைவர்.

எடுத்தார். காட்டு ஓரத்தில் தன் இடத்தில், கையில் வெறும் தடியோடு, பகல் முழுக்க நின்றார். அந்தக் காட்டிலேயே பெரிய கொம்பன் மான் அவருக்கு நேரே வெளியே வந்ததாம். கல்லெறி தூரம்கூட இல்லை. நின்று அவரைப் பார்த்ததாம்.

"நீ என்ன செய்தனி?" என்று மனுசி கேட்டாள்.

"தொப்பியைக் கழட்டினன்," என்றார்.

அந்த வாரமே துவக்கைச் சுடுதளத்துக்குக் கொண்டு போய், பகல் வெளிச்சத்தில், சன்னம் நடுவில் விழும்வரை இருந்தார்கள். அடுத்த வேட்டையில் ஒரு பெட்டை மான், ஒரே சூடு. இரண்டாவது தோட்டா தானே ஏறி நின்றது, தேவைப்படவில்லை. தொடை இறைச்சியில் ஒரு துண்டு கடைக்கு வந்தது. என் மனைவி கறி வைத்துத் தந்தாள். மனுசி கண்ணீர் வடியத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள்.

அடுத்த வருடம் இதே காலம். பண்ணைக்காரரின் கார் வெளியே உறுமிக்கொண்டு நின்றது, உள்ளே நாய் குரைத்தது. அவசரமாக வந்தார். அவருடைய தோட்டா அன்று காலைதான் முடிந்திருந்தது. தேவன் தனியாக நின்றான், நான் ஏணியில் நின்று பூட்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்தார். மூடியில் அதே மான் படம் போட்ட மற்றப் பெட்டியைத் தானே இழுத்தெடுத்தார்.

"இதுவும் அதுதானே?"

பகிடிக்குக் கேட்டாரா, அவசரத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேவன் பெட்டியின்மேல் கையை வைத்தான். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை.

"இல்லை," என்றான். "இது அது இல்லை. உன்ரை தோட்டா செவ்வாய்க்கிழமை வரும்."

பண்ணைக்காரர் பெட்டியை விட்டார். பிறகு அந்தப் பிசகின கையால் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே போனார்.

தேவன் ஏணியை அண்ணாந்து பார்த்தான். "அண்ணை, ஆளுக்குக் கோபமோ?"

"விசரா," என்றேன், "அது மானுக்குக் கழட்டின தொப்பியடா."